வரப்போகும் விருந்தாளிக்கு எதை வாங்கி வைப்பது?

எங்கள் ஊர் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டையின் நிழலில் வாழ்கிறவர்கள் நாங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்தது. பார்க்க வருகிறவர்கள் கல்யாண மகாலைப் பார்ப்பார்கள். 1717-18ஆம் ஆண்டில் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசலைப் பார்ப்பார்கள். மூச்சு வாங்க ராஜகிரி உச்சிக்கு ஏறுவார்கள். சிறு வயது முதல் என்னை ஈர்த்தது நெற்களஞ்சியம். தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே போனால் குளிர்ச்சி. முற்றுகை வரும் என்று அஞ்சியவர்கள் முன்கூட்டியே சேர்த்து வைத்த இடம்.

நாளைக்கு என்று சேர்த்து வைப்பது நல்லதுதானே? யார் இல்லை என்றார்கள்? ஆனால் எதைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது, யார் செலவில் சேர்ப்பது என்ற கேள்வி சென்ற மாதம் என் வீட்டுக் கூடத்திலேயே எழுந்தது. அதைத்தான் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு பட்டியல்

என் இளைய மகனுக்கு இது முதல் குழந்தை. மருமகளுக்கு ஏழாவது மாதம். மகன் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்தபோது, தாயும் மகனும் கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு வேண்டிய சாமான்கள். எண்ணிப் பார்த்தேன், 34 இருந்தன. தேக்குத் தொட்டில், தள்ளுவண்டி, நடைவண்டி, மெத்தை, நான்கு வகைத் தலையணை, பால் புட்டிகள், புட்டியை ஆவியில் சுத்தம் செய்யும் இயந்திரம், டயபர் கட்டுகள், வெள்ளிக் கிண்ணம், வெள்ளி அரைஞாண் என்று நீண்டுகொண்டே போயிற்று.

“இவ்வளவும் நாமா வாங்கப் போறோம்?” என்று கேட்டேன்.

“முதல் பிரசவம் பொண்ணு வீட்டுதுதானே! அவங்க செய்வாங்க. என்னென்ன வேணும்னு நாம சொன்னாதானே அவங்களுக்குத் தெரியும்?” என்றாள் என் மனைவி.

உண்மையைச் சொல்வதானால், நானும் தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். பட்டியல் திருவண்ணாமலையில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போயிற்று. அவர் தையற்கடை வைத்திருப்பவர். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்து, மூன்றாவது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பவர். மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“தொட்டில் தேக்குலதான் வேணுமா பாய், இல்லே இரும்புல போதுமா? தேக்குன்னா கொஞ்சம் அவகாசம் வேணும்.”

அந்த ‘அவகாசம்’ என்ற சொல் என் நெஞ்சில் ஈட்டியைப் போல் இறங்கியது. ஏனென்றால் அந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

எட்டு நாள்

1981ஆம் ஆண்டு. எங்களுக்குத் தலைப்பிள்ளை பிறக்க இருந்த நேரம். என் மாமனார் இதே போலத்தான் அவகாசம் கேட்டார். அப்போது என் தாயார் கேட்டிருந்தது தேக்குத் தொட்டில், வெள்ளிப் பாலாடை, குழந்தைக்குத் தங்க மோதிரம். இருந்த கால் ஏக்கர் நிலத்தை அடகு வைத்து அவ்வளவையும் செய்தார் அந்த நல்ல மனிதர். கடைசல் வேலை செய்த தொட்டில் மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

பிரசவம் வீட்டிலேயே நடந்தது. ஆண் குழந்தை. பாங்கு சொன்னோம், பெயர் வைத்தோம். ஏழாம் நாள் அகீகாவுக்கு இரண்டு ஆடுகள் கொல்லையில் கட்டியிருந்தன. ஆறாம் நாள் குழந்தை பால் குடிக்க வாய் திறக்கவில்லை. தொட்டாலே உடல் விறைத்தது. ஜன்னி என்றார்கள். வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எட்டாம் நாள் அல்லாஹ் தன் அமானிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அது ரண ஜன்னி என்று பிறகு ஒரு மருத்துவர் விளக்கினார். கொடியை அறுத்த கத்தி சுத்தமாக இல்லை. என் மனைவிக்குக் கர்ப்ப காலத்தில் ரண ஜன்னித் தடுப்பூசி போடவும் இல்லை. போட்டிருந்தால் தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்குமாம். அந்தத் தடுப்பூசிக்கு ஒரு காசு செலவில்லை, அரசாங்கமே போட்டது. அழைத்துப் போகத்தான் எங்கள் வீட்டில் ஆள் இல்லை. ஆண்கள் அனைவரும் தொட்டிலுக்கு மெருகு போடுவதில் மும்முரமாக இருந்தோம்!

குழந்தை எட்டு நாள் இருந்தது. மாமனாரின் கடன் மூன்று வருடம் இருந்தது.

ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதில் எனக்கு ஐயமில்லை. கண்மணி நாயகம் (ஸல்) அவர்களே தங்கள் அருமை மைந்தர் இப்ராஹீமை மடியில் வைத்துக் கண்ணீர் வடித்தார்கள். ஆனால் இறைவனுக்குப் பொருந்தாத ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த ஆறுதலை நானும் பற்றிக்கொண்டேன். இருந்தாலும் கத்ர் வேறு, கவனக்குறைவு வேறு. விதியின் பெயரைச் சொல்லி நம் பொறுப்பின்மையை மூடிவிட முடியாது. இந்தியாவில் பச்சிளங் குழந்தைகளைக் கொன்றுவந்த அந்த நோய், ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாத அளவுக்கு ஒழிக்கப்பட்டுவிட்டது என்று 2015இல் உறுதி செய்யப்பட்டது. எந்த வெள்ளிப் பாலாடையும் அதைச் செய்யவில்லை. தடுப்பூசியும், சுத்தமான பிரசவமும், வீடு வீடாக நடந்த செவிலியர்களின் கால்களும் செய்தன.

இவ்வளவும் அனுபவித்த நான்தான் சென்ற மாதம் 34 சாமான் பட்டியலுக்குத் தலையாட்டினேன். மனிதன் எவ்வளவு விரைவில் மறந்துவிடுகிறான், பார்த்தீர்களா?

முன்னேற்பாடு தவக்குலுக்கு விரோதமா?

நம்மில் சில வீடுகளில் இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு. பிள்ளை பிறக்குமுன் ஒரு துணிகூட வாங்கக் கூடாது. வாங்கினால் கண்ணேறு பட்டுவிடும் என்பார்கள். “அல்லாஹ் கொடுப்பான், அப்போது பார்த்துக்கொள்வோம்” என்று அதற்குத் தவக்குல் என்ற பெயரையும் சூட்டிவிடுவார்கள்.

இது தவக்குல் ஆகுமா? ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா, கட்டிவிட்டு நம்பட்டுமா என்று கேட்ட மனிதருக்கு, கட்டிவிட்டு நம்பு என்று வழிகாட்டிய நபியின் உம்மத் நாம். யூஸுப் நபி (அலை) அவர்கள் எகிப்தில் செழிப்பான ஏழாண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொல்லி, பஞ்சம் வந்த ஏழாண்டுகளில் மக்களைக் காத்ததைத் திருமறை விரிவாகச் சொல்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை எடுத்து வைத்ததாகவும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். தமக்கென்று மறுநாளுக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளாத அவர்கள், தம்மை நம்பியிருந்தவர்களுக்கு எடுத்து வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே, வரப்போகும் குழந்தைக்காக முன்னேற்பாடு செய்வது மார்க்கத்துக்கு முரண் அல்ல. அது பெற்றோரின் கடமை. சகுனத்துக்கு அஞ்சி ஒன்றும் வாங்காமல் இருப்பதும் பிழை. ஊருக்கு அஞ்சி எல்லாவற்றையும் வாங்கிக் குவிப்பதும் பிழை. இரண்டிலும் அச்சம்தான் முதலாளி, அல்லாஹ் அல்ல.

திருமறையின் பதினேழாம் அத்தியாயம் இரண்டு எல்லைகளையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது. வீண் விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்று எச்சரிக்கிறது. கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளாதே, முற்றாக விரித்தும்விடாதே என்கிறது. இரண்டு வசனங்கள் தள்ளி, வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்றும் கட்டளையிடுகிறது. செலவைப் பற்றிய பேச்சும் பிள்ளையின் உயிரைப் பற்றிய பேச்சும் ஏன் இவ்வளவு அருகருகே வருகின்றன என்று நான் பலமுறை சிந்தித்ததுண்டு. நம் நாட்டு நடப்பைப் பார்த்தால் ஓரளவு விளங்குகிறது. பிறந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்ற 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் என்றே ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. பெண் பிறந்தால் சீரும் நகையும் செய்து மாளாது என்ற அச்சமல்லவா அந்தக் கொடுமைக்குப் பின்னால் நின்றது? நாம் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு பட்டியலும் அந்த அச்சத்துக்கு ஊற்றும் எண்ணெய்தான்.

அரண்மனையும் பேரீச்ச மரமும்

திருமறை கூறும் இரண்டு தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

ஒருவர் மர்யம் (அலை). பிரசவ வேதனை அவர்களை ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு சேர்த்தது. பாயில்லை, துணைக்குப் பெண்ணில்லை. இறைவன் அவர்களுக்கு அருளியவை இரண்டு: காலடியில் ஓர் நீரூற்று, தலைக்கு மேல் பழுத்த பழம். தாய்க்கு உணவும் நீரும்! கூடவே, கவலைப்படாதே என்ற ஆறுதல். அந்த நிலையிலும், மரத்தை உன் பக்கம் உலுக்கு என்று ஒரு சிறு முயற்சியையும் அவர்களிடம் கேட்டான். தாயைக் கவனிப்பதே பிள்ளைக்கான முதல் ஏற்பாடு என்று இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

இன்னொருவர் மூஸா (அலை) அவர்களின் அன்னை. பிள்ளைக்காக அவர் தேடியது ஒரே ஒரு பெட்டி. அதுவும் உயிரைக் காக்க. அந்தப் பெட்டி மிதந்துபோய்ச் சேர்ந்த இடமோ ஃபிர்அவ்னின் அரண்மனை! அங்கே எதற்குக் குறைவு? பட்டும் பொன்னும் பணிப்பெண்களும் இருந்தார்கள். ஆனால் பிள்ளை எந்தச் செவிலித்தாயின் பாலையும் ஏற்கவில்லை. ஒரு பேரரசின் செல்வம் முழுவதும் கூடி ஒரு மிடறு பாலை அதன் வாயில் வைக்க முடியவில்லை. பெற்ற தாயின் மடிக்கு வந்த பிறகுதான் குடித்தது.

நபித்தோழியர் அஸ்மா (ரலி) அவர்கள் ஹிஜ்ரத் செய்து வந்து குபாவில் பெற்றெடுத்த பிள்ளை அப்துல்லாஹ் இப்னு ஸுபைர். முஹாஜிர்களுக்கு மதீனாவில் பிறந்த முதல் குழந்தை. ஊரே மகிழ்ந்த பிறப்பு. அந்தக் குழந்தையை வரவேற்றது எது? நாயகம் (ஸல்) அவர்கள் மென்று அதன் மேலண்ணத்தில் தடவிய ஒரு பேரீச்சம்பழமும், பரக்கத்துக்கான ஒரு துஆவும்.

சுமை யார் மீது?

இனி, செலவு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். இதில் மார்க்கத்தின் தீர்ப்பு தெளிவானது. பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், தாய்மார்கள் இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைக் கூறி, அவர்களுக்கு முறைப்படி உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பைக் குழந்தையின் தந்தைமீது சுமத்துகிறது. எவர்மீதும் சக்திக்கு மீறிய சுமை இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. பெண்ணின் தகப்பன்மீது எந்தச் சுமையையும் அது வைக்கவில்லை. ‘முதல் பிரசவம் பெண் வீட்டுப் பொறுப்பு’ என்பது நாம் ஊர் வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது. மகள் தாய்வீட்டில் ஓய்வாக இருக்கட்டும் என்ற அன்பில் பிறந்த வழக்கம்தான் அது. அன்பு இருக்கும்வரை அழகாகவே இருந்தது. அதற்குப் பட்டியல் போட்ட நாள் முதல் அது வரியாகிவிட்டது. பாட்டனார் மனம் உவந்து கொடுத்தால் ஹதியா. வெட்கத்துக்கும் பயத்துக்கும் கொடுத்தால் அதை வாங்கும் நம் கைக்கு என்ன பெயர்?

தந்தையோடும் இது முடிந்துவிடுவதில்லை. கலீபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. மதீனாவுக்கு வந்து தங்கிய ஒரு வணிகக் கூட்டத்துக்கு இரவில் அவர்கள் காவல் இருந்தபோது, ஒரு குழந்தை விடாமல் அழும் சத்தம் கேட்டது. தாயிடம் போய்ப் பிள்ளையைக் கவனிக்கச் சொன்னார்கள். மீண்டும் மீண்டும் அழுகை. கடைசியில் அந்தப் பெண், வந்திருப்பவர் யாரென்று அறியாமல், பால் மறந்த குழந்தைக்குத்தான் உமர் மானியம் தருகிறார், அதனால் முன்கூட்டியே பாலை நிறுத்தப் பழக்குகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்று பஜ்ருத் தொழுகையில் கலீபாவின் அழுகையால் ஓதுவதே மக்களுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். தம் சட்டத்தால் எத்தனை பிள்ளைகள் மாண்டனவோ என்று கலங்கி, பிறந்த அன்றே ஒவ்வொரு குழந்தைக்கும் மானியம் உண்டு என்று நாடெங்கும் அறிவிக்கச் செய்தார்கள்.

பிறக்கும் பிள்ளைக்கு ஏற்பாடு செய்வது சமுதாயத்தின் கடமையும் ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? உலகத்தின் வடகோடியில் உள்ள பின்லாந்து நாட்டில் 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் குழந்தைத் துணிமணிகள் அடங்கிய ஒரு பெட்டியை அரசு கொடுத்துவருகிறது. பிள்ளை தூங்க அந்த அட்டைப்பெட்டியே படுக்கையாகவும் பயன்பட்டது. ஒரு நிபந்தனை உண்டு: கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடியுமுன் தாய் மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். பொருளைக் காட்டித் தாயை மருத்துவரிடம் அழைத்துவரும் தந்திரம் அது!

நம் தமிழகத்திலும் 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் வளர்ந்து, இன்று ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு உதவுகிறது. 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென ஒரு பரிசுப் பெட்டகம் அறிமுகமானது. துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை, சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சுண்டி லேகியம் என 16 வகைப் பொருள்கள். மதிப்பு 1,000 ரூபாய். அந்தப் பட்டியலை எங்கள் வீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பச்சைப் பிள்ளைக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. மீதியெல்லாம் யாருக்கு வேண்டியவை?

தேவை, வசதி, பகட்டு

நம் முன்னோர்கள் செலவை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள்: இல்லாவிட்டால் கெடுவது தேவை, இருந்தால் எளிதாவது வசதி, பிறர் பார்க்க வேண்டும் என்பது பகட்டு. என் மகனையும் மனைவியையும் உட்கார வைத்து அந்த 34 சாமான்களையும் இப்படிப் பிரித்தோம்.

தேவை என்ற தலைப்பில் நாங்கள் எழுதிய முதல் நான்கும் கடையில் கிடைப்பவை அல்ல. ஒன்று, தாயின் இரத்தம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. அதை நாள்தோறும் எடுத்துக் கொடுக்க ஒரு கைதான் வேண்டும். இரண்டு, தடுப்பூசியும் மாதப் பரிசோதனையும். மூன்று, எந்த மருத்துவமனை, இரவில் எந்த வண்டி, அவசரத்துக்கு இரத்தம் கொடுக்க யார் என்ற முடிவு. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 வண்டியின் எண் வீட்டிலுள்ள சிறுவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான்கு, கையில் ரொக்கம். அழகுச் சாமானில் முடங்கிய பணம் ஆபத்தில் உதவாது.

பிறகு துணி. நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய பருத்தி வேட்டியைப் போல் பச்சை உடம்புக்கு இதமானது எது? ஒரு கெட்டியான சிறு மெத்தை, கொசுவலை, தொடுகிறவர் கை கழுவ சோப்பு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். சீம்பாலைக் கறந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அல்லாஹ் தயாரித்து அனுப்பிய முதல் மருந்தை மண்ணில் ஊற்றுவதல்லவா அது! சுன்னத்தான தஹ்னீக்கைச் சுத்தமான விரலால், துளியளவு பேரீச்சம்பழத்தைக் கொண்டு, மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம். தேன் மட்டும் ஒரு வயது வரை வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளங் குழந்தைக்குப் பேராபத்து.

வசதிப் பொருள்களை நாம் ஹராமாக்கத் தேவையில்லை. அல்லாஹ் தந்த நல்லவற்றைத் தடை செய்வது யார் என்று திருமறையே கேட்கிறது. தகப்பனுக்குத் தன் சம்பாத்தியத்தில் முடிந்தால் தள்ளுவண்டி வாங்கட்டும். தாய் இரவில் சற்று உறங்க டயபர் உதவினால் உதவட்டும். வேலைக்குப் போகும் தாய்க்குப் பால் எடுத்து வைக்கும் கருவி ஒரு வரப்பிரசாதம். கார் வைத்திருப்பவர்களுக்குக் குழந்தை இருக்கை உயிர்க் காவல். அதைத் தேவையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். தொட்டிலுக்குப் பதில் சேலையில் கட்டும் தூளி நம் பாட்டிமார் தந்த வசதி. கொக்கி உறுதியா, தரைக்கு மிக உயரமாக இல்லையா, கண்ணெதிரே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பகட்டிலோ பணம் மட்டும் போவதில்லை. சிலவற்றில் ஆபத்தும் உண்டு. சக்கரம் வைத்த நடைவண்டியில் குழந்தைகள் படிகளில் உருண்டு தலையில் அடிபட்டதால் கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. பூப்போட்ட தலையணைகளும் மெத்தென்ற திண்டுகளும் மூக்கை அடைத்துவிடக்கூடும். பிள்ளை வெறும் கெட்டிப் படுக்கையில் மல்லாந்து உறங்குவதே நல்லது. பால் புட்டிக்கும் பால் மாவுக்கும் விளம்பரம் செய்வதையே இந்திய அரசு 1992இல் சட்டமியற்றித் தடுத்திருக்கிறது; பால் சுரக்காத தாய்க்கு மருத்துவர் சொன்னால் அது வேறு விஷயம். கண்ணுக்கு மை வேண்டாம். வெள்ளியும் தங்கமும்? பாத்திமா (ரலி) அவர்கள் தம் மகனார் ஹஸன் (ரலி) அவர்களின் தலைமுடியை எடைபோட்டு அந்த எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்தார்கள். வெள்ளியைப் பிள்ளையின் இடுப்பில் கட்டாமல் ஏழையின் கையில் கட்டிய குடும்பம் அது! அகீகாவும் வசதி உள்ளவர்களுக்கான சுன்னத்தே. கடன் வாங்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. கடனிலிருந்து பாதுகாப்புத் தேடிய நபியின் சுன்னத்தைக் கடனில் நிறைவேற்றுவது எப்படிப் பொருந்தும்?

பட்டியலில் இல்லாதது

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது மருமகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. “உனக்கு என்னம்மா வேணும்? சும்மா சொல்லு” என்றேன். கொஞ்சம் தயங்கினாள்.

“மாமா, அவங்க அந்த நேரத்துல ஒரு மாசம் லீவு போட்டுக் கூட இருந்தா போதும். எனக்கு ராத்திரியில பயமா இருக்கு.”

34 சாமான்களில் அது இல்லை! என் மகன் தலைகுனிந்தான். அவனைச் சொல்லி என்ன? 1981இல் என் மனைவி என்ன பயந்தாள் என்று நான் கேட்டதேயில்லை. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அவள் எழுந்து உள்ளே போனாள். சிறிது நேரம் கழித்து வந்து, “பட்டியல்ல இருந்து வெள்ளி சாமானை எல்லாம் அடிச்சுடுங்க” என்றாள். அவளுக்கும் நினைவு வந்துவிட்டது.

நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். கணவனின் அருகிருப்பு, மாமியாரின் கனிந்த சொல், இரவில் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு மடி, பெண் பிறந்தாலும் சுருங்காத முகம் ஆகியவையே தாய்க்கு நாம் செய்யக்கூடிய பெரிய முன்னேற்பாடுகள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ரமளான் நோன்பையே தள்ளி வைக்கச் சலுகை கொடுத்த மார்க்கம் நம்முடையது. அவள்மீது அல்லாஹ் காட்டும் கருணையை நாம் காட்டக் கூடாதா?

செஞ்சிக் கோட்டையை ஔரங்கஜீப்பின் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. அவ்வளவு காலம் தாங்கிய அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது. மலை அதேதான், மதிலும் அதேதான், களஞ்சியமும் அதேதான்! கல்லும் நெல்லும் மட்டும் ஒரு கோட்டையைக் காத்துவிடாது என்பதை இந்த ஊர் தன் கண்ணாலேயே பார்த்தது. வீட்டுக்கும் அதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

புதிய பட்டியலில் 11 பொருள்கள் இருக்கின்றன. அத்தனையும் என் மகன் தன் சம்பளத்தில் வாங்கிவிட்டான். விடுப்புக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறான். சம்பந்தியைக் கூப்பிட்டு, “எங்களை மன்னிச்சுடுங்க பாய். நீங்க உங்க கையால நாலு பருத்திச் சட்டை தைச்சுக் கொடுங்க, அது போதும்” என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “பொத்தான் வேணாம் பாய், உறுத்தும், நாடா வெச்சுத் தைக்கிறேன்” என்றார். குரல் மாறியிருந்தது.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். மையித்துக்குச் சந்தூக் வைத்திருக்கிறோம். கல்யாணத்துக்குப் பாத்திரம் வைத்திருக்கிறோம். பிறக்கும் பிள்ளைக்கென்று என்ன வைத்திருக்கிறோம்? சில மாதங்களே பயன்படும் தொட்டில், கொசுவலை, தள்ளுவண்டி போன்றவற்றை வசதியுள்ளவர்களிடமிருந்து பெற்று, சுத்தம் செய்து, வேண்டியவர்களுக்கு இரவலாகக் கொடுத்து வாங்கலாம். இரத்தம் கொடுக்கச் சம்மதிப்பவர்களின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் எழுதி வைக்கலாம். ஏழைத் தாயின் பிரசவத்துக்குச் சிறு நிதி ஒதுக்கலாம். அற்பப் புழங்கு பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டித்து முடியும் மாஊன் அத்தியாயத்தை நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம் அல்லவா?

எங்கள் வீட்டு மச்சில் 1981ஆம் ஆண்டுத் தொட்டில் இன்னும் இருக்கிறது. பிறகு பிறந்த மூன்று பிள்ளைகளையும் தூளியிலேயே வளர்த்தோம். அதை இறக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஜமாஅத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று சென்ற வாரம் மனைவியிடம் கேட்டேன். “யாராச்சும் ஒரு புள்ளை தூங்கட்டும்” என்றாள்.

பிறக்கப்போகும் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான உணவையும், கடனில்லாத உடையையும், கண்ணீர் கலக்காத தொட்டிலையும் தர வல்ல அல்லாஹ் நமக்குத் தௌபீக் செய்வானாக! கருவுற்றிருக்கும் நம் பெண்மக்கள் அனைவருக்கும் சுகப் பிரசவத்தையும் ஸாலிஹான சந்ததிகளையும் தந்தருள்வானாக! ஆமீன்.